அண்ணன் கையில் போன தாபரிப்புக் காசு

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், பிரிந்துபோன என் மனுசன் ரெலிபோன் எடுத்தார். சிட்னியில் நாங்கள் சேர்ந்து இருந்த வீட்டை விற்கப் போகிறாராம். வாங்குகிற ஆட்கள் ஆயத்தமாம். ஆனால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் கோர்ட் போட்ட தடை நிற்கிறது, நான் கையெழுத்து வைத்தால்தான் எடுபடும் என்றார்.

அந்தத் தடை வந்ததே என்னால்தான். பிரிந்த முதல் வருசம், பள்ளிக்கூடம் போகிற மகளுக்கென்று அவர் ஒரு சதம் தரவில்லை. நான் தாபரிப்பு வழக்குப் போட்டேன். அவர் மாதாமாதம் என் கையில் காசு கட்டவேண்டும், அது தீராமல் வீடு கைமாறக் கூடாது என்று கோர்ட் பதிந்துவிட்டது. பிறகும் காசு வரவில்லை. திரும்ப வழக்குக்குப் போக வெளிக்கிட்டபோது என் அண்ணன் மறித்தார். அவர் சிட்னியிலேயே பரமட்டாப் பக்கம் ஆஸ்பத்திரியில் டொக்டர்.

"இஞ்ச இருக்கிறதே கொஞ்சத் தமிழ்ச் சனம். அதுக்குள்ள இன்னும் நாறடிக்கப் போறியோ? நான் பாக்கிறன்" என்றார்.

பார்த்தார்தான். அரிசி மூட்டை கொண்டுவந்து வைப்பார். மகளின் காலுக்குச் சப்பாத்து வாங்குவார். இடைக்கிடை கையில் கொஞ்சக் காசும் தருவார். நான் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்து வாடகை கட்டினேன். அண்ணனுக்கு நன்றிக்கடன் என்று அவர் வீட்டு விசேசங்களுக்கெல்லாம் போய்ச் சமைத்தேன், கோப்பையும் கழுவினேன்.

ரெலிபோனில் மனுசனிடம் சொன்னேன்: "முதல்ல காசைத் தாங்கோ. பிறகு கையெழுத்து."

"என்ன காசு? மாதாமாதம் உம்மட அண்ணையிட்டக் குடுத்தனான்."

"என்னட்டத் தரச் சொல்லித்தானே கோர்ட் சொன்னது."

"அண்ணை இருக்கேக்க பொம்பிளையின்ர கையில காசு குடுக்கிறதோ? என்ன கதைக்கிறீர்?"

அவர் பொய் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படித்த எஞ்சினியர், கோர்ட்டில் நின்று தீர்ப்பைக் காதால் கேட்டவர். எங்கள் ஆட்களுக்குத் தமையனிடம் கொடுத்தால் தங்கச்சிக்குக் கொடுத்தது போலத்தான்.

அன்று பின்னேரமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"ஓம், தந்தவன். ஊரில எங்கட தங்கச்சி சின்னவளுக்குச் சீதனம் குடுக்க வேற ஆர் இருந்தது? பெரும்பகுதி அதுக்குப் போயிட்டுது. உனக்கும் செய்தனான்தானே?"

"செய்தனீங்கள். என்ர காசில."

"இப்ப என்ன, என்னட்டக் கணக்குக் கேக்கிறியோ?"

"ஓம்."

பக்கத்தில் இருந்த அண்ணி எழும்பி, அடுப்பைப் பார்க்கிறது போலக் குசினிக்குள் போய்விட்டா.

"அவன் பாவம். ரெண்டு தரம் கட்டுறதோ? கையெழுத்தை வைச்சுக் குடு, பிள்ளை."

"அதை நீங்களும் அவரும் தீருங்கோ. எனக்கு வரவேண்டியது என் கைக்கு வரவேணும்."

என் லோயரும் அதைத்தான் சொன்னார். அண்ணனிடம் கொடுத்தது எனக்குக் கொடுத்ததாகாது. விற்கிற காசிலேயே கழித்து, என் பெயரில் பாங்கு செக்காகத் தரவேண்டும். அதற்குப் பிறகுதான் தடை நீங்கும்.

பரமட்டாவில் என் லோயரின் கந்தோரில் எல்லாரும் கூடினோம். கடைசி நேரத்திலாவது நான் இளகுவேன் என்று அண்ணனும் வந்திருந்தார். செக் வந்ததும் மனுசனுடைய லோயர், ஒரு வெள்ளைக்காரர், அதை எடுத்து நேரே அண்ணனிடம் நீட்டினார். அண்ணனும் கையை நீட்டினார்.

"மேசையில வையுங்கோ" என்று இங்கிலீசில் சொன்னேன். வைத்தார். பெயரையும் தொகையையும் வாசித்துப் பார்த்து, எடுத்து என் பைக்குள் வைத்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். வீடு கைமாறியது.

அண்ணன் என் மனுசனுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் என்னோடு கதைப்பதில்லை. சனம் என்னைத்தான் காசுப் பேய் என்றது.

மகளுக்கு அப்போது பதினெட்டு வயது தாண்டிவிட்டது. அவள் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் என்று கோர்ட் சொன்ன காசு, அவள் வளர்ந்து முடிந்த பிறகு வந்தது.