சாம்பல் வண்டியின் இழுவை

ஒரகடத்திலிருந்து படப்பை போகும் சாலையில், முழுக்கக் கண்ணாடி வைத்த ஒரு கடையில், புதிய பிக்கப் வண்டியின் டிரைவர் சீட்டில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். டை கட்டிய விற்பனைப் பையன் ஜன்னலோரம் நின்று நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். நானும் விடாமல் தலையாட்டினேன். அவன் உதடு ஓய்ந்ததைப் பார்த்ததும், "சரி தம்பி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்றேன். பையன் என் மகனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கொஞ்சம் குனிந்து, "ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு" என்றான். "அடடே, இவ்ளோ சைலன்ட்டா கீதே" என்று சிரித்துச் சமாளித்தேன். ஆனாலும் நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. கியர் குமிழின் மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போல என்னவோ இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கையை எடுக்கவே தோன்றவில்லை. இதே மாதிரி கியர் குமிழின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் அந்த நிமிடத்தில் என் நினைவில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அது 1991. நான் கிணறு வெட்டும் வேலையில் இருந்தேன். மண் இருக்கும் வரை ஊர் ஆட்களே வெட்டிவிடுவார்கள். பாறை தட்டிய பிறகுதான் எங்களைத் தேடுவார்கள். இரண்டு சக்கரத்தில் நிற்கும் கம்ப்ரசரைப் பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போய்க் கிணற்று மேட்டில் நிறுத்துவோம். அதிலிருந்து ரப்பர் குழாயில் காற்று இறங்கும். அந்தக் காற்றில் இயங்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு நான் கிணற்றுக்குள் பாறையில் வெடி வைப்பதற்குத் துளை போடுவேன். மேலே கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்று அதைக் கவனித்துக்கொள்வது வண்டி ஓட்டி வந்தவரின் பொறுப்பு. அவரை நாங்கள் டிரைவர் என்றுதான் சொல்வோம், அவருக்கு வேறு பேர் இருந்ததையே மறந்துவிட்டது போல. கம்ப்ரசர் போடும் சத்தத்தில் பக்கத்து வயலில் மேயும் மாடுகூட இடம் மாறிப் போய்விடும். டிரைவர் இடம் மாறாமல் வருஷக்கணக்கில் அங்கேயே நின்றார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்கிற ஆட்கள் இல்லை.

கம்ப்ரசருக்குச் சொந்தக்காரி பிள்ளைப்பாக்கத்து அம்மா. புருஷன் திடீரென்று போன பிறகு எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்லி உறவெல்லாம் ஓதியது. அவர் விற்கவில்லை. "வித்துட்டு யார் வூட்ல போய் நான் குந்தறது?" என்று ஒரே கேள்வியில் எல்லோர் வாயையும் அடைத்தார். வண்டி ஓட்டத் தெரியாது, இன்ஜின் மூடியைத் திறந்தால் எது எதுவென்றும் தெரியாது. ஆனால் எந்த ஊரில் எவர் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. அவருக்கு ஒரு தம்பி, சின்னவர் என்போம். தொழிலில் காசு போடாதவர், கருத்து மட்டும் தாராளமாகப் போடுவார். டிரைவரை அனுப்பிவிட்டுத் தனக்குத் தெரிந்த ஒருவனை அந்த சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

அந்த வருஷம் எங்கள் பழைய பெட்ரோல் வண்டி உயிரை விட்டது. அது போட்ட பெட்ரோலையெல்லாம் குடித்துத் தீர்த்த வண்டி. பெட்ரோல் விலையோ ஏறிய ஏற்றத்தில் அதற்கு இன்னொரு இன்ஜின் வைத்துக் கட்டுப்படியாகாது. டீசல் வண்டிதான் என்று முடிவானது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தே வியாபாரம் பார்க்கும் புரோக்கர் ஒருவர் கைமாறின வண்டிகள் இரண்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்று நீலம். வயசு குறைவு, இன்ஜின் பூப்போல ஓடும், டீசலும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். இன்னொன்று சாம்பல் நிறம், மூத்த வண்டி. ஸ்டார்ட் செய்தால் கதவு, கண்ணாடி, சீட்டில் உட்கார்ந்திருப்பவனின் பல் எல்லாம் சேர்ந்து ஆடும். நீல வண்டியோடு வைத்துப் பார்த்தால் டீசலும் நன்றாகவே கேட்கும். பார்த்த எல்லோரும் நீலம் என்றோம். டிரைவர் மட்டும் சாம்பல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானட்டின் மேல் கையை வைத்து நின்று, "இதான்மா நமக்கு" என்றார்.

"இன்னாத்துக்கு?" என்றார் சின்னவர்.

"இழுவை இதுலதான் கீது."

ஒரு வாரம் அதே பேச்சு. மைலேஜ் என்று யார் ஆரம்பித்தாலும் டிரைவர் இழுவை என்று முடித்தார். வழக்கமாக அதிகம் வாய் திறக்காத மனிதர் இப்படிப் பிடிவாதம் பிடித்ததில் சின்னவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புரோக்கரிடம் டிரைவர் கமிஷன் வாங்கிவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த அம்மா காதிலும் அது விழுந்தது. இரண்டு வண்டியிலும் கம்ப்ரசரை மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மட்டும் அவர் சொன்னார்.

இரண்டு வண்டிக்கும் டாங்க் வாய் வரை டீசலை நிரப்பினோம். ஒரே கம்ப்ரசர், ஒரே பாதை. பிள்ளைப்பாக்கத்திலிருந்து கிளம்பி ஒரு சுற்றுப் போய், காய்ந்து கிடந்த ஏரிக்குள் இறங்கி, கரை ஏறித் திரும்ப வேண்டும். வந்ததும் மறுபடி வாய் வரை ஊற்றினால் எந்த வண்டி எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். சாம்பல் வண்டி முதலில் போய் வந்தது. நீட்டு ரோட்டில் அது நகர்ந்த வேகத்தைப் பார்த்துச் சின்னவர் கொட்டாவி விட்டார். ஆனால் கரை மேட்டில் அந்த வண்டி தட் தட் என்று ஒரே சீராக, ஆக்சிலேட்டரைக்கூடப் பெரிதாகக் கேட்காமல், கம்ப்ரசரைத் தூக்கி மேலே கொண்டு வைத்தது. ஆனாலும் அது குடித்திருந்த டீசல் கொஞ்சமில்லை.

அடுத்தது நீல வண்டி. நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது, எனக்கே அந்த வண்டி மேல் ஆசை வந்துவிட்டது. டிரைவரின் இடது கை கியர் குமிழை விட்டு எழவே இல்லை. முகம் வேர்த்திருந்தது. கரையில் பாதி ஏறும்போது இன்ஜின் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அது திணறுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வண்டியைப் பழகாத பிள்ளைகூட அந்தச் சத்தத்துக்குக் கியரை இறக்கிவிடும். அவர் இறக்கவில்லை. "ண்ணா, கியரு! கியரு!" என்று கத்தினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் நின்றது. பின்னால் தொங்கும் கம்ப்ரசரின் கனம் வண்டியைக் கீழே இழுத்தது. நான் குதித்து ஓடி அதன் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டேன். சாமி புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

டிரைவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நீல வண்டிக்கே உரிய மெல்லிய சத்தம், கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. டிரைவர் ஒரு நொடி காத்திருந்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார். ஓடுகிற இன்ஜினில் சாவியைத் திருப்பினால் பல்லும் பல்லும் மோதி ஒரு சத்தம் வருமே, கர்ர்ர் என்று, அது வந்தது. கை அதிர்ந்த பிறகுதான் அவர் சாவியை விட்டார்.

"ஓடற வண்டிய ஸ்டார்ட் பண்றாரு பாருக்கா! வேணும்னே கெடுக்கறாரு," என்று சின்னவர் கரையிலிருந்து கத்திக்கொண்டே இறங்கினார். "யோவ், புரோக்கர் எவ்ளோய்யா குட்த்தான்?"

இதை டிரைவர் கேட்டாரா, வாயசைவில் புரிந்துகொண்டாரா, தெரியாது. ஆனால் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு ஏன் என்ற கேள்வி வரும். கமிஷன் வாங்கினவன் என்ற பேரோடு ஒருவன் இன்னொரு இடத்தில் வேலை தேடிக்கொள்ளலாம். காது போன டிரைவருக்கு எந்த ஊரில் யார் சாவியைக் கொடுப்பார்கள்? அதுவரை பக்கத்திலேயே இருந்த எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

அந்த அம்மா கரையிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். நேராக டிரைவரிடம் போகவில்லை. வண்டியின் பின்பக்கமாக வந்து, டிரைவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, அடுப்படியில் பேசுகிற குரலில், "டிரைவரே, டீ ஆறுது பாருங்க" என்றார். அங்கே டீயும் இல்லை, ஒன்றும் இல்லை. டிரைவர் திரும்பவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு வண்டியை முன்பக்கமாகச் சுற்றி வந்து, டிரைவரின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டார்.

"நீலம் வேணாம் டிரைவரே. மேட்டுல நின்னுபுட்ச்சி. நமக்கு இழுவைதான முக்கியம்? சாம்பல் வண்டியே இருக்கட்டும்."

"அக்கா, மைலேஜு…" என்றார் சின்னவர்.

"மைலேஜ நான் பாத்துக்கறேன். நீ உன் வேலயப் பாரு."

அன்றிலிருந்து அவர் டிரைவரிடம் எதைச் சொன்னாலும் முன்னால் வந்து நின்றுதான் சொன்னார். வழக்கமாகப் பின்னால் பாரம் ஏற்றுகிற இடத்தில் உட்கார்ந்து போகும் என்னை, "நீ இனிமே முன்னாடியே குந்து" என்று கேபினுக்கு மாற்றினார். பெரிய ரோட்டுப் பக்கம் வண்டி போக வேண்டிய வேலைகளை எடுப்பதைச் சத்தமில்லாமல் நிறுத்தினார். ஏரிக்கரையும் வண்டிப் பாதையும்தான் இனி எங்கள் ரோடு. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் நான் டிரைவரின் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவேன், அவர் ஒதுங்குவார். இது எப்போது பழக்கமானது என்றே நினைவில்லை, நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. காது கேட்காத மனிதரை ஓட்ட விட்டது சரியா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் என்னிடம் நியாயமான பதில் கிடையாது. சாம்பல் வண்டியில் அவர் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த வண்டி ஆடிய ஆட்டம் கியர் குமிழ் வழியாக அவர் உள்ளங்கைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். பாரம் கனத்தால் ஒரு ஆட்டம், இன்ஜின் சூடானால் வேறு ஆட்டம். என் காதுக்கு எட்டுவதற்கு முன்னாலேயே அவர் கை கியரை மாற்றியிருக்கும்.

பிறகு நிலமெல்லாம் கைமாறியது. நாங்கள் பாறை உடைத்துத் தண்ணீர் காட்டிய கிணறுகளை லாரி லாரியாக மண் கொட்டி மூடினார்கள், மேலே கம்பெனிகள் எழுந்தன. கம்ப்ரசரையும் சாம்பல் வண்டியையும் அம்மா விற்றார். அந்த வண்டியை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று டீக்கடையில் டிரைவர் என்னிடம் சொன்னார்: "அம்மாக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது தம்பி. நான் சொன்னேன்னுதான் வாங்கிச்சு. ஒரு நாளாவது குறை சொல்லிகீதா பாரு." எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அம்மா எதற்காக அந்த வண்டியை வாங்கினார் என்று இந்த மனிதர் கடைசி வரை தெரிந்துகொள்ளாமலே போகப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போனேன். அவர் சம்சாரம் வாசலிலேயே, "ரெண்டு நாளா இழுத்துகினு கீது தம்பி" என்றார். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசிப் பயனில்லை. கையை நீட்டினேன். என் மூடிய கையின் மேல் அவருடைய உள்ளங்கை வந்து படிந்தது, குமிழைப் பிடிப்பது போல. வெகுநேரம் எடுக்கவில்லை. அம்மாவும் வந்திருந்தார். கால்மாட்டில் வந்து, அவர் கண் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

இன்று எனக்கும் அதே காது. துளைக் கருவியைப் பிடித்தவனின் காதாயிற்றே. கல்யாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். அதை இழுக்கத்தான் இந்தப் புது வண்டி. கம்பெனி ஷிப்ட் முடித்த கையோடு மகன் என்னை அழைத்து வந்திருந்தான். காது மந்தம் என்று நான் வீட்டில் சொன்னதில்லை. டிவி சத்தத்தை நானே பார்த்துக் குறைத்து வைத்துக்கொள்கிறேன். யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன்.

பக்கத்தில் இன்னொரு பிக்கப் நின்றிருந்தது. பழைய மாடல், டீசல். ஸ்டார்ட் செய்ததும் அதன் கண்ணாடி துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது. விற்பனைப் பையனுக்கு அதைத் தள்ளிவிடுவதில் விருப்பம் இல்லை. நான் உட்கார்ந்திருக்கும் வண்டிதான் மைலேஜ், இதுதான் இனிமேல் என்று கை விரல்களை மடக்கி மடக்கி என்னவோ காட்டிக்கொண்டிருந்தான். என் மகன் அதுவரை என் தோளுக்குப் பின்னால், அந்தப் பக்கத்துக் கதவருகே நின்றிருந்தான். அங்கிருந்தே சொல்லியிருக்கலாம். வண்டியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னான்:

"இது வேணாம்பா. ஜெனரேட்டர மாட்டுனா மேட்டுல நின்னுரும். அந்த டீசல் வண்டியே எடுத்துக்கலாம்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தான். டிரைவர் கதையை நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கண்டுபிடித்துவிட்டார் என்பது டிரைவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. ஏரிக்கரையில் அந்த அம்மா வண்டியைச் சுற்றி முன்னால் வந்து நின்றாரே, அந்த நிமிடமே தெரிந்திருக்கும். தெரிந்தும், நான் சொன்னேன்னுதான் வாங்கிச்சு என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கொடுத்ததை அவர் அப்படித்தான் வாங்கிக்கொண்டார்.

கியர் குமிழிலிருந்து கையை எடுத்தேன்.

"ஆமாப்பா, நானும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்," என்றேன். "நமக்கு இழுவைதான முக்கியம்?"