அப்பழுக்கில்லாத முதுகு

படுக்கையறையிலிருந்து முதலில் ஒரு முனகல் வந்தது. அடுத்துக் கட்டில் கிறீச்சிட்டது. அதன்பின் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

சமையலறையில் பெரோகிக் கொழுக்கட்டைக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த வெர்னா கையை நிறுத்தினாள்.

"நெஸ்டர், என்ன சத்தம்?"

"இருமல்."

"நீ இருமினா கட்டில் ஏன் கத்துது?"

"பழைய கட்டில்."

"போன வருஷம்தான் வாங்கினோம்."

பதில் இல்லை. சற்று நேரத்தில் நெஸ்டர் பாபியுக் கொடிமரம் போல நிமிர்ந்து வந்து நின்றார். குனிய முடியாத மனிதருக்கு நிமிர்வதைத் தவிர வேறு வழியில்லை. இடது காலில் காலுறை இருந்தது. வலது காலுக்கு உரியது சட்டைப் பையில் இருந்தது.

"ஒரு காலுக்கு மட்டும்தான் குளிருதா?"

"இது காத்தோட்டமா இருக்கட்டும்னு விட்டேன்."

"வெளியில மைனஸ் முப்பத்திநாலு."

"அது வெளியில."

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பையிலிருந்து காலுறையை உருவி, மண்டியிட்டு மாட்டிவிட்டாள். எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முதுகுக்கு ஒன்பது வருடமாக வலி. அதை அவர் பொருட்படுத்தியதில்லை. "நீ உட்கார்ற விதம் சரியில்ல" என்பதுதான் அவர் எழுதிக் கொடுத்த ஒரே மருந்துச் சீட்டு.

"இப்ப ரோண்டா வந்துடுவா. அவகிட்ட சொல்லப் போறியா இல்லையா?"

"சொல்ல என்ன இருக்கு? வியாழக்கிழமை நான் ஸ்கேனுக்குக் கால்கரி போறேன். டிக்கெட் போட்டாச்சு."

நெஸ்டருக்கு ஐம்பத்தொன்பது வயது. கனடாவின் சாஸ்கட்டூனில், பனியில் கல்லை வழுக்கி விளையாடும் எங்கள் கர்லிங் கிளப்பின் பனித்தரையை முப்பத்தோரு குளிர்காலமாகப் பார்த்துக்கொள்கிறவர். தண்ணீர்த் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, துளித்துளியாகத் தெளித்தபடி பின்னோக்கியே நடப்பார். அந்தத் துளிகள் உறைந்தால்தான் கல் சரியாக வழுக்கும். அவருடைய அப்பாவுக்கு மளிகைக் கடை, அண்ணனுக்கு இரண்டு டிரக். நெஸ்டருக்குப் படிப்பு ஏறவில்லை, பாட்டு வரவில்லை, கர்லிங்கில்கூட ஒரு கோப்பை வென்றதில்லை. கடவுள் அவருக்கென்று ஒன்றும் எடுத்து வைக்கவில்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

பன்னிரண்டு வருடம் முன்பு கிளப்பின் அறிவிப்புப் பலகையில் பல்கலைக்கழகத்தார் ஒரு தாள் ஒட்டினார்கள். முதுகெலும்பு நோய்களையும் தசை நோய்களையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து ஆராய்கிறவர்கள் அவர்கள். நோயாளிகள் போதுமான அளவு கிடைத்துவிட்டார்களாம். அவர்களோடு ஒப்பிட, ஒரு நாளும் முதுகு வலிக்காதவர்கள் வேண்டுமாம். எங்கள் கிளப்பில் அந்தத் தாளைப் படித்தவர்கள் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். நெஸ்டர் ஒருவர்தான் இடுப்பைப் பிடிக்காமல் சிரித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியும் அந்த எம்.ஆர்.ஐ. மெஷினின் குழாய்க்குள் ஐம்பது நிமிடம் அசையாமல் படுத்துவிட்டு வருவார். வருகிற நோயாளியின் தசையில் எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கிறது, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்ல, நல்ல தசை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்கு நெஸ்டர். முதல் வருடம் கொடுத்த படத்தைச் சட்டம் போட்டு, கல்யாணப் புகைப்படத்துக்கு மேலே மாட்டினார். வெர்னா கேட்டதற்கு, "கல்யாணம் எல்லாருக்கும்தான் ஆகுது" என்றார்.

வெர்னாவின் தம்பி மார்வினுக்கு முதுகில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், அவர்கள் வழக்கப்படி பன்னிரண்டு பதார்த்தங்கள் பரப்பிய மேசைக்கு அவன் வந்து உட்காருவதற்குள், நெஸ்டர் அவனை அந்தப் படத்தின் முன் நிறுத்திவிடுவார். "பார்த்துக்கோ மார்வின். இப்படித்தான் இருக்கணும்." மார்வின் பார்த்துக்கொள்வான். பாவம், திரும்புவதற்கும் அவனுக்கு நேரமாகும்.

அப்படிப்பட்ட முதுகு போன நவம்பரில், தொட்டியை இறக்கி வைக்கும்போது, துணி கிழிவது போல ஒரு நொடியில் கைவிட்டுவிட்டது. நெஸ்டர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஆராய்ச்சிக் கூடத்துக்கு வரச் சொன்ன தேதியை இரண்டு முறை தள்ளிப் போட்டார். முதல் முறை கார் உறைந்துவிட்டது என்றார். இரண்டாம் முறையும் கார்தான். மூன்றாம் முறை அவரிடம் கேட்காமல், "வீட்டுக்கே வந்து கேள்விகளை முடிச்சுடறேன்" என்று ரோண்டா சொல்லிவிட்டாள்.

ரோண்டா டெஜார்லே அங்கே ஸ்கேன் எடுப்பவள். பன்னிரண்டு வருடமும் அவரை அந்தக் குழாய்க்குள் தள்ளி, வெளியே இழுத்தவள் அவள்தான். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மூக்குக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"எப்படி இருக்கு என் தங்க முதுகு?"

"உங்க மெஷினுக்குத்தான் சந்தேகம். எனக்கு இல்ல" என்றார் நெஸ்டர். நாற்காலியின் நுனியில், நீதிமன்றத்துக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

வெர்னா காபியும் கசகசா ரோலும் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள். கணவனைக் காட்டிக்கொடுக்கப் போகிற முகமாக அது இல்லை. வேடிக்கை பார்க்க வந்த முகமாகத்தான் இருந்தது.

ரோண்டா தாளை விரித்தாள். "போன பன்னிரண்டு மாசத்துல ஒரு நாளாவது முதுகுவலி?"

"இல்ல."

வெர்னா காபியை ஊதினாள்.

"படுத்துத் தூங்கறதுல கஷ்டம்?"

"படுத்தா கஷ்டமே இல்ல." அது உண்மைதான். அவர் படுப்பதே இல்லை.

"காலுறை போட மத்தவங்க உதவி தேவைப்பட்டுச்சா?"

நெஸ்டர் தன் வலது காலைப் பார்த்தார். பிறகு வெர்னாவைப் பார்த்தார். வெர்னா கூரையைப் பார்த்தாள்.

"அப்படியெல்லாம்கூடவா கேப்பாங்க?"

"எல்லா வருஷமும் கேட்டிருக்கேன் நெஸ்டர். நீங்க எப்பவும் சிரிப்பீங்க."

அவர் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் இடுப்பில் மாட்டிக்கொண்டது. "இல்லன்னு போடுங்க."

ரோண்டா குறித்துக்கொண்டாள். பேனாவை மூடியபடி, சாதாரணமாகத்தான் பேசினாள். "இந்த வருஷம் உங்களை நம்பித்தான் எல்லாம் இருக்கு. பழைய மெஷினைக் கழட்டிட்டு நவம்பர்ல புதுசு வச்சோம்ல? அது சரியாப் படிக்குதான்னு உங்களை வச்சுத்தான் பார்க்கப் போறோம். அப்புறம் வியாழக்கிழமை கால்கரியில இருக்கற மெஷின்."

"என்னை வச்சா?"

"உங்க முதுகு மாறலன்னு எங்களுக்குத் தெரியும். அப்ப கணக்குல வித்தியாசம் வந்தா அது மெஷினோட தப்பு. மெஷினைத் திருத்திடுவோம்."

"முதுகு மாறியிருந்தா?"

"நல்லா இருக்கற மெஷினைக் கெடுத்து வைப்போம்." ரோண்டா ரோலில் ஒரு துண்டு எடுத்தாள். "பிரின்ஸ் ஆல்பர்ட் ஊர்லருந்து ஒருத்தர் வர்றாரு. உங்க வயசுதான். தசை கரைஞ்சுக்கிட்டே போற வியாதி. புது மருந்து கேக்குதா இல்லையான்னு எங்க படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு பண்ணணும். போன வருஷம் தானே நடந்து வந்தாரு. இந்த வருஷம் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றாரு."

நெஸ்டரின் கண் சுவரில் இருந்த படத்துக்குப் போனது. அடுக்கி வைத்த பலகைகள் போன்ற அழகான முள்ளெலும்புகள், இரு பக்கமும் கருநிறத்தில் திண்ணென்ற தசை. நாற்பத்தேழு வயது நெஸ்டர். வாழ்நாளில் அவர் வாங்கிய ஒரே முதல் பரிசு. அதைத் தன் கையாலேயே இறக்க வேண்டும். எந்தத் தாய் வயிற்றில் பிறந்தாலும் மனிதனுக்கு இப்படி ஒரு நிமிடம் வராமல் போகாது. பெரும்பாலும் அது காலுறை வடிவில் வருவதில்லை, அவ்வளவுதான்.

"ரோண்டா, அதை அடிச்சிடுங்க."

"எதை?"

"காலுறையை. அவதான் போட்டுவிட்டா. இன்னைக்கு மட்டுமில்ல." தொண்டையைச் செருமினார். "மூணு மாசமா நான் கட்டில்ல படுக்கல. கார் உறையவும் இல்ல. எல்லாத்தையும் அடிச்சிடுங்க. என் பேரையும்."

ரோண்டா தாளைத் திரும்ப எடுத்தாள். பேனாவைத் திறந்து ஒவ்வொரு விடையாக நிதானமாக அடித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் நெஸ்டர் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

"கால்கரி?" என்றார் மெல்ல.

"இல்ல நெஸ்டர். அங்க வேற ஆள் பார்க்கணும்."

"வேற ஆள்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டிருந்தால், கல்யாணத்தன்று கைவிடப்பட்டவர்கள்கூட அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

"இன்னொன்னும் சொல்லிடறேன். ஆறு வருஷமாவே உங்க முதுகெலும்புல கீழ இருக்கற டிஸ்க் ரெண்டு பிதுங்கித்தான் இருக்கு. உங்க வயசுல நிறையப் பேருக்கு அப்படித்தான், வலிக்காமலே இருக்கும். உங்களுக்கு வலிக்கல, அதனால நீங்க நல்ல முதுகு. வருஷா வருஷம் கடிதத்துல எழுதினோமே?"

"கடிதத்துல நன்றின்னு இருந்துச்சு."

"அது முதல் வரி. ரெண்டாவது வரி?"

நெஸ்டர் முதல் வரியோடு நிறுத்தி, அதை மார்வினுக்குப் படித்துக் காட்டியவர். இரண்டாவது வரிக்கு அவருக்கு எங்கே நேரம்?

வெர்னா அதற்கு மேல் தாங்கவில்லை. மேசையில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ரோண்டா பையிலிருந்து வேறு நிறத் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். "மூணு மாசத்துக்கு மேல வலி இருக்கறவங்களுக்கு ஒரு குழு இருக்கு. வலி வர்றதுக்கு முன்னாடியே பன்னிரண்டு வருஷப் படம் இருக்கற ஆளு எங்களுக்குக் கிடைச்சதே இல்ல. இஷ்டம் இருந்தா பாருங்க. கட்டாயம் இல்ல."

"நோயாளிங்க வரிசையிலயா? நானா?"

"நல்ல வரிசைதான்" என்றாள் வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காபி குடுப்பாங்க. போர்வை குடுப்பாங்க. முதல் ரெண்டு நிமிஷம் மூச்சு முட்டற மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடும்."

நெஸ்டர் அவளையே பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷமாப் போறேன். பாடகர் குழு ஒத்திகைன்னு சொல்லிட்டு."

நெஸ்டர் ரோண்டாவைப் பார்த்தார். ரோண்டா ரோலில் ஒட்டியிருந்த கசகசாவை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். யார் வருகிறார்கள் என்று வெளியே சொல்வது அவள் வேலையில் கிடையாது.

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பே? உட்கார்ற விதம் சரியில்லன்னு."

நெஸ்டர் காபிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார். "வலி எங்கேயிருந்து எங்கே போகுதுன்னு கேக்கறாங்க. எப்படிச் சொல்றது இதை?"

"கொண்டா" என்று வெர்னா நாற்காலியை அவர் அருகே நகர்த்திக்கொண்டாள். "இதெல்லாம் உனக்குப் புதுசு."

ரோண்டா எழுந்து கோட்டை மாட்டினாள். எங்கள் ஊரில் விருந்தாளி கிளம்புவதென்றால், வாசலில் அரை மணி, கார் அருகே கால் மணி என்று வீட்டுக்காரர் கூடவே போய் நின்று பேசுவார். நெஸ்டர் அதில் ஒரு நாளும் குறை வைத்தவரில்லை. இப்போதும் இரு கைகளையும் மேசையில் ஊன்றினார். ஊன்றிய கைகள் அப்படியே நின்றன.

"ரோண்டா" என்றார். "என்னால எழுந்திருக்க முடியல. வலிக்குது. நீங்களே கதவைச் சாத்திட்டுப் போறீங்களா?"

"சாத்திக்கறேன். உட்காருங்க."

பூட்ஸ் மாட்டும் ஓசை கேட்டது. குளிர் ஒரு கணம் சமையலறை வரை வந்து எட்டிப் பார்த்தது. கதவு நிலையில் பனி கட்டியிருந்ததால் கதவு முதல் முறை பொருந்தவில்லை. ரோண்டா வெளியிலிருந்து தோளைக் கொடுத்து இன்னொரு முறை அழுத்தினாள். கதவு சாத்திக்கொண்டது.