அவளுடைய வானத்துக்குக் காவல் இருந்தது

ஜெர்மனியில், எசன் நகரில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பின்னால், சாமான் லொறிகள் வந்து நிற்கும் முற்றம் ஒன்று உண்டு. டுசல்டோர்ஃபில் இறங்கப் போகும் விமானங்கள் அதற்கு மேலாகத்தான் தாழப் பறக்கும். என் வேலைத்தோழியை நினைத்தால், அந்த முற்றத்தில் நாங்கள் சேர்ந்து நின்ற முதல் நாள்தான் எனக்குக் கண்ணில் வருகிறது. சத்தம் கேட்டதும் நான் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிய வண்டிலுக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். அவளோ முற்றத்தின் நடுவுக்குப் போய், நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்து, ஊருக்குத் திரும்பி வரும் தமையனைக் கண்டவள் போலச் சிரித்தாள். இவளுக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைத்தேன். அவளும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தாளாம்.

அவள் ஈராக்கின் வடக்கில் பிறந்த குர்திஷ் பெண். நான் யாழ்ப்பாணம். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன் மட்டும்தான். அவள் பேசியதை இங்கே எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன், அவள் கோபிக்க மாட்டாள். ஏன் சிரித்தாய் என்று அன்று சாப்பிடும்போது கேட்டேன். சிறுவயதில் தங்கள் நாட்டு இராணுவத்துக்குப் பயந்து குடும்பத்தோடு மலைக்கு ஓடியதையும், பனியில் படுத்துக் கிடந்ததையும் சொன்னாள். பிறகு வெளிநாடுகள் வந்து வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தனவாம். அந்தக் கோட்டுக்கு வடக்கே அரசாங்கத்தின் விமானம் எதுவும் பறக்கக் கூடாது. பறந்தால் சுட்டு விழுத்துவோம். காவலுக்குச் சுற்றும் எங்கள் விமானத்தை நோக்கிக் கீழேயிருந்து ஒருவன் சுட்டாலும், திரும்பி வந்து அவனுடைய பீரங்கியை உடைப்போம் என்றனவாம் அந்த நாடுகள். அதற்குப் பெயர் பறப்புத் தடை வலயம். "பிளேன் சத்தம் கேட்டால் அம்மா உடுப்பு காயப் போட வெளியில போவா. எங்கட ஆக்கள் வந்திட்டினம், போய் விளையாடுங்கோ எண்டுவா," என்றாள்.

கையிலிருந்த பாணைத் தட்டில் வைத்துவிட்டேன். என்னுடைய அம்மா குண்டு போட வரும் பொம்மரின் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எங்களை முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் தள்ளுவார். ஒருநாள் சின்னண்ணா ஆட்டுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்பி ஓடினான். குட்டி தப்பியது. பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எதற்கெல்லாமோ பொறாமைப்படுவார்கள். நகை, நிறம், பிள்ளைகளின் படிப்பு. நான் ஒருத்தியின் ஆகாயத்தைப் பார்த்து வயிறெரிந்தேன். எங்களுக்கும் ஒரு கோடு கிழித்திருந்தால் என்ன? யாருடைய கை தேய்ந்திருக்கும்?

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவையின்ர நிலத்துக்குக் கீழ எண்ணெய் கிடக்குது. எங்கட நிலத்தைக் கிண்டினால் சுண்ணாம்புக்கல்லுத்தான் வரும். ஆரப்பா பிளேன் அனுப்புவான்?" என்றார். சரிதான். ஆனால் நியாயம் தெரிந்தவுடன் பொறாமை போய்விடுமா? வருடப்பிறப்பு வாணவேடிக்கைக்கு நான் கீழே நிலவறைக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு இருப்பேன். அவள் பிள்ளைகளோடு தெருவில் நின்று கைதட்டுவாள். வேலைக்கு வந்து அதன் அழகைச் சொல்லும்போது, கொடுத்து வைத்தவள் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு தட்டுகளைக் கொஞ்சம் பலமாகவே அடுக்குவேன். அவளோடு அத்தனை அன்பாக இருந்துகொண்டேதான் இதையும் செய்தேன்.

போன இளவேனிலில் டோர்ட்மண்டில் உள்ள அவர்களுடைய சங்கம் ஒரு விழா வைத்தது. அந்தக் காலத்தில் அவர்களுக்குக் காவலாகப் பறந்த ஒரு வெளிநாட்டு விமானி வருகிறார், மலைக்கு ஓடிய பிள்ளைகளில் ஒருத்தியாக அவள் மேடையேறிப் பூங்கொத்துக் கொடுக்க வேண்டும். "எனக்குத் தனியப் போக ஏலாது, நீயும் வா," என்றாள். சொந்தச் சனம் முழுக்க அங்கே இருக்க என்னை ஏன் கூப்பிடுகிறாள் என்று விளங்கவில்லை. ரயிலில் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இதைக் குடுக்கிறதோ விடுறதோ எண்டு நான் இன்னும் முடிவெடுக்கேல்லை," என்றாள்.

அப்போதுதான் தன் அக்காவைப் பற்றி முதன்முதலாகச் சொன்னாள். அக்கா கலியாணம் கட்டிப் போன கிராமமும் கோட்டுக்கு வடக்கேதான். ஆனால் நிலம் அரசாங்கத்தின் கையில். கிராமத்து ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் இராணுவம் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கியைக் கொண்டுவந்து வைத்தது. அவர்கள் சுடுவார்கள், ஒன்றும் படாது. விமானம் திரும்பி வந்து அடிக்கும். பீரங்கியை இழுத்து வேறிடத்தில் வைத்து மறுபடியும் சுடுவார்கள், மறுபடியும் அடி விழும். வாரக்கணக்காக இப்படியே நடந்து, ஒருநாள் குண்டு பட்டிக்கு இந்தப் பக்கம், வீடுகளின் மேல் விழுந்தது. அக்கா, அத்தான், கைக்குழந்தை. பீரங்கிக்காரர் தப்பிவிட்டார்கள். "அண்டைக்கும் எங்கட வீட்டுக்கு மேலாலதான் அந்தப் பிளேன் போனது. நான் கை காட்டினனான்."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் பொறாமை அடங்கவில்லை. உன் வீட்டில் மூன்று உயிரை எடுத்தவன் உன்னையும் உன் அம்மாவையும் உயிரோடு வைத்துவிட்டாவது போனான். எங்கள் அண்ணாவை எடுத்தவன் எதைக் காத்தான்? நல்லவேளை, இதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் போதாது.

விமானி தலை நரைத்த மனிதர். அவள் மேடையேறிப் பூங்கொத்தை நெஞ்சோடு பிடித்தபடி அப்படியே நின்றாள். மண்டபம் காத்திருந்தது. பிறகு இரண்டு கையாலும் கொடுத்தாள். "இது என்ர அம்மா தந்து விட்டது," என்றாள். அவளுடைய அம்மா இறந்து பல வருடம். சனம் எழுந்து நின்று கைதட்டியது. நாங்கள் பூக்கொடுக்க இப்படி ஒரு ஆள்கூட இல்லையே என்று நினைத்தபடி நானும் கைதட்டினேன்.

மேடையிலிருந்து இறங்கியவள் என் பக்கம் வராமல் நேரே வெளியே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். மண்டபச் சுவரோரம், புதிதாகக் கொத்திப் பூச்செடி நட்டிருந்த பாத்திக்குப் பக்கத்தில் நின்றாள். "உன்ர அண்ணா செத்தபோது உங்கட அம்மா என்ன செய்தவ?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் வயிறெரிந்த பெண் மண் அள்ளி வீசித் திட்டுவாள், அம்மாவும் முற்றத்து மண்ணை அள்ளி வானத்தைப் பார்த்து எறிந்து, நாசமாய்ப் போவாங்கள் என்று குளறினார் என்று சொன்னேன். எனக்கும் செய்து காட்டு என்றாள்.

இரண்டு பேரும் பாத்தியில் குனிந்து மண் அள்ளினோம். அம்மாவின் சொற்களை நான் சொல்லச் சொல்ல, அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறக்கி, மண்ணைச் செடியின் அடியில் போட்டு விரலால் அமத்தினாள். "என்னால ஏலாது. எறிஞ்சால் அது அந்தப் பிளேனை எங்கட ஆக்கள் எண்ட என்ர அம்மாவின்ர தலையிலதான் விழும்," என்றாள்.

என் கையில் இருந்த மண்ணை நான் வானத்துக்கு எறிந்தேன். எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடமும் நான் அவளை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.