கறிவேப்பிலையைக் கொன்ற மெமரி கார்ட்

மூன்று பனிக்காலம் தாண்டிய எங்கள் கறிவேப்பிலைச் செடி செத்துவிட்டது.

நாங்கள் வீட்டில் இல்லாத வாரம் அதற்குத் தண்ணீர் விடவேண்டிய குட்டிக் கணினி, இரண்டாம் நாளே நின்றுவிட்டது. உள்ளே இருந்த மெமரி கார்ட் போலி. 128 ஜிபி என்று எழுதியிருந்தது, இருந்தது எட்டுத்தான்.

ஒரு தமிழ்க் கடையில், 'எங்கட ஆள்தானே' என்று சோதித்துக்கூடப் பார்க்காமல் வாங்கியது. இன்று ஸ்காபரோவில் அதே கடைக்குப் போனேன்.

"உது ஒரிஜினல்தான் அண்ணை. சனம் எல்லாம் இதைத்தான் வாங்கிக்கொண்டு போகுது," என்றார் கடைக்காரர்.

அவருடைய கடைக் கமராவும் அதே மாதிரிக் குட்டிக் கணினியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கட கமராவுக்கும் இதைத்தானோ போட்டனீங்கள்?"

"சீ, இல்லை அண்ணை. அது வேற கடையில வாங்கினது. கமரா நிண்டுட்டா என்ர கதி என்ன?"

எந்தக் கார்ட் நல்லது, நண்பர்களே? விற்கிறவர்கள் வேண்டாம், பாவிக்கிறவர்கள் மட்டும் சொல்லுங்கள்.