நாக்கின் அடியில் வந்த நொய்

என் அக்கா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே மஞ்சள் அரிசி விளைவித்தார்கள். கண்பார்வைக்கு வேண்டிய சத்து சோற்றிலேயே கிடைக்கட்டும் என்று நெல்லின் மரபணுவை மாற்றியிருந்தார்கள். கையால் உமி நீக்கி, முழு அரிசியை எண்ணிக் குப்பியில் போடுவது அக்காவின் வேலை. உடைந்த நொய்யை யாரும் எண்ணுவதில்லை. அதை மாலையில் எரித்துவிடுவார்கள். சோதனை முடியும்வரை ஒரு மணிகூட வெளியே போகக் கூடாது, யாரும் தின்னக் கூடாது.

அக்காவின் மகளுக்கு ஐந்து வயது. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடப்பாள். கதவில் போய் முட்டுவதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளுக்கு 'முட்டி' என்று பேர் வைத்திருந்தார்கள். சத்துக் குறைவு, இப்படியே விட்டால் கண்ணே போய்விடும் என்றார் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கேட்டால், தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வா என்றார்கள். அடுத்த மாதமும் அதே பதில்தான். கீரை கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றில் தங்கவில்லை.

வேலை முடிந்து கிளம்பும்போது பைகளை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும், முடியை அவிழ்த்து உதற வேண்டும், செருப்பைத் துடைக்க வேண்டும். வாயை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அக்கா தினமும் ஒரு சிட்டிகை நொய்யை நாக்கின் அடியில் அடக்கிக்கொண்டு வந்தாள்.

"வாயைப் பூட்டி சாவிய எங்கம்மா போட்டீங்க?" என்பார் காவலாளி. அவள் தலையை ஆட்டிவிட்டு நடப்பாள். பேசாத பெண் என்று முன்பே பெயர் வாங்கியிருந்தது அவளுக்கு நல்லதாகப் போயிற்று.

ஈர நொய் பூசணம் பிடித்துவிடும் அல்லவா? ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்து நல்ல வெயிலில் உலர்த்துவாள். வண்டு வராமல் இருக்க, டப்பாவில் இருப்பதையும் வாரம் இரண்டு முறை வெயிலில் பரப்புவாள். இரண்டு மாதம் சேர்த்தாள். சேர்ந்தாற்போல் பத்து நாளாவது கொடுத்தால்தான் உடம்பில் ஒட்டும் என்பது அவள் கணக்கு.

ஒருநாள் காலை டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள். எங்கள் வீட்டு ரேஷன் அரிசிக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை.

அன்று ஆராய்ச்சிக்கூடத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, மேலதிகாரி அம்மாவிடம் அவளாகப் போய்ப் பேசினாள்.

"இந்த மஞ்சள்ல வெயில் பட்டா என்னம்மா ஆகும்?"

"வெளுத்துடும். சத்தே அந்த மஞ்சள்தானே, அதுவும் போயிடும். அதனாலதான் இருட்டு அறையில வைக்கிறோம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

வீட்டுக்கு வந்து அந்த நொய்யையே வடித்துப் போட்டாள். தட்டு முன்னால் இருந்தது. குழந்தை தரையைத் தடவித் தேடினாள். "அம்மா, வெளக்க போடு" என்றாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மருந்து வந்தபோது இடது கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. வலது கண் தப்பியது.

அக்கா இப்போதும் அங்கேதான் நொய் பிரிக்கிறாள். மருந்து வந்த மறுநாள் வெறும் வாயோடு கிளம்பியவளிடம் காவலாளி வழக்கம்போல் சாவியைக் கேட்டிருக்கிறார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றாளாம். அவள் குரலை அவர் கேட்டது அன்றுதான்.