பதினாலாவது பாட்டு தாலாட்டு இல்லை

இன்று நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? ஆறு மாதமாக என்னைத் தூங்க வைத்துக்கொண்டிருந்த குரலை! நேரில், மண்டாசிப் பலகார மாவு அப்பிய கைகளோடு. அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இசைத் தொகுப்பு உங்களுக்குத் தெரியும். மாணவர் எண்ணைப் போட்டால் போனிலேயே எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அதில் 'ஏரிக்கரைத் தாலாட்டுகள்' என்று ஒரு வரிசை, அதில் பதினாலாவது பாட்டு, 'பாடியவர் பெயர் தெரியவில்லை'. விடுதியில் அதைக் கேட்காத பெண்ணே கிடையாது. தேர்வு சமயத்தில் எல்லா அறையிலும் அதுதான். என் கணக்கில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஓடியிருக்கிறது. இன்று எண்ணிப் பார்த்தேன்.

காலையில் நூலகத்தின் பின்வாசல் டீக்கடைக்குப் போனேன். காதில் அந்தப் பாட்டு. இயர்போனில் சார்ஜ் தீர்ந்து அது அணைய, போனே சத்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டது. அடுத்த நொடி ஒரு கை வந்து போனை மூடியது. திரை முழுக்க மாவு.

"நிறுத்துடி. இங்க யாரும் சாகல."

கடைக்கார அம்மா. நான் சிரித்தேன்.

"அம்மா, இது தாலாட்டும்மா!"

அவர் போனிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்தில் செருப்புத் தைக்கும் ஓலோதான் தலையை நிமிர்த்தினார்.

"யாருகிட்ட வந்து சொல்ற நீ? அது அவ தொண்டைடி."

கடைக்கார அம்மாவின் பெயர் ரிஸ்பா அவினோ. கிசுமுச் சந்தையில் எல்லாரும் ஓச்சோலா அம்மா என்பார்கள். ஓச்சோலா அவருடைய மகன். அப்பா ஏரியில் மூழ்கிப் போன மூன்றாம் மாதம் பிறந்தவன். அப்பா செத்த பிறகு பிறக்கும் பையனுக்கு எங்களில் வைக்கும் பெயர் அது. நாலு வயதில் காய்ச்சல் வந்து அவனும் போய்விட்டான். அது ஆகிப் பதினொரு வருடம். இருந்தும் அவர் ஓச்சோலா அம்மாதான். மிச்சம் இருப்பது ஒரே மகள், லென்சர். பக்கத்து ஊர் அஹேரோவில் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

எங்கள் லுவோ இனப் பெண்களில் ஒவ்வொருத்திக்கும் அழுவதற்கென்று ஒரு சொந்தப் பாட்டு உண்டு. அடுத்தவள் பாட்டை யாரும் எடுத்துப் பாட மாட்டார்கள். சாவில்லாத இடத்தில் அதை முணுமுணுக்கக்கூட மாட்டார்கள், பாடினால் சாவு தேடி வந்துவிடும் என்று பயம். நான் நைரோபியில் வளர்ந்தவள். இதெல்லாம் காதுவழி கேட்டதுதான், அந்தப் பாட்டின் வார்த்தைகளும் எனக்குப் பிடிபட்டதில்லை.

ஓச்சோலா செத்த அன்று அவனை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே ரிஸ்பாம்மா மெல்லிய குரலில் பாடினாராம். ஊரே சுற்றி நின்று கதறியதாம். யாரோ ஆராய்ச்சிக்காரர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருக்கிறார். கடைசியில் ஒரு தாளை நீட்ட, துக்கத்துக்கு வந்தவர்கள் பெயர் எழுதும் நோட்டு என்று நினைத்து இவரும் கட்டைவிரலை வைத்துவிட்டார். பிறகு அந்தப் பதிவு எந்த ஊர்க் கம்பெனிக்கோ கைமாறிப் போயிருக்கிறது. அங்கே சுற்றியிருந்தவர்களின் கதறலை எல்லாம் இரைச்சல் என்று துடைத்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு தாயின் மெல்லிய குரல். தாலாட்டு என்று தலைப்பு போட்டு எங்கள் நூலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

போன வருடப் புத்தக வாரத்தில் நூலக வாசலில் ஒலிபெருக்கி கட்டி அந்த வரிசையை ஓட விட்டார்கள். மண்டாசியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் காதில் தன் குரலே வந்து விழுந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியதாம். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு ஓடுவது போல ஓடினார். மாணவர்கள் ஆட்டம் என்று நினைத்தார்கள்.

"கை தட்டினாங்கடி" என்றார். "ஒருத்தன் விசிலடிச்சான். 'ரிஸ்பாம்மா, இன்னொரு சுத்து!'ன்னு கத்துறான்."

அப்போது லென்சருக்கு ஏழாம் மாதம். பேரப்பிள்ளை பிறப்பதற்குள் இந்தப் பாட்டின் வாயை அடைக்க வேண்டும். ரிஸ்பாம்மாவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. நூலகத்தில் இசைப் பிரிவைப் பார்க்கும் ஓடெரோவிடம் போய் நின்றார். அன்று நடந்ததை ஓடெரோவே எனக்குச் சொன்னார்.

"எடுத்துப் போட்டு உடைச்சிடு தம்பி."

"உடைக்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்லம்மா. கேசட்டா தட்டா? பாட்டு வெளிநாட்டுல எங்கயோ இருக்கு. வருஷத்துக்கு இவ்வளவுன்னு கட்டி நாங்க கேக்கறோம், அவ்வளவுதான்."

"பாட்டு எங்கயோ இருக்கட்டும். தொண்டை இங்கதானே இருக்கு?"

புகார் எழுதும் பக்கம் மாணவர் எண்ணோ ஊழியர் எண்ணோ இல்லாமல் திறக்காது. ஓடெரோ தன் எண்ணைப் போட்டு எழுதினார். ஐந்து வாரம் கழித்துக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. தொகுப்பிலேயே அதிகம் கேட்கப்படும் பாட்டு இது. பாடியவர் தான்தான் என்று அந்த அம்மா நிரூபித்தால் பரிசீலிப்போம் என்று. ஓடெரோவுக்குச் சந்தோஷம். கதவைச் சாத்தி, மேசைமேல் போனை வைத்தாராம்.

"இதுல பாடுங்கம்மா. ரெண்டு வரி போதும், குரல் ஒண்ணுதான்னு தெரிஞ்சிடும்."

"யாரு செத்தாங்க, நான் பாட?"

"சும்மா ஒரு சாட்சிக்கும்மா..."

"சும்மாவா? எம் பொண்ணு வயித்தைத் தள்ளிக்கிட்டு இருக்கா. ஒங்கம்மாகிட்ட இப்படிச் சும்மா கேப்பியா நீ?"

எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஓடெரோவுக்கு ஒரு மாதம் டீ கிடையாதாம். "சக்கரை தீந்துபோச்சுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க. பக்கத்து ஆளுக்குப் போடுவாங்க" என்றார்.

லென்சருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. தொப்புளில் சீழ் வைத்து விஷம் ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

புதைக்கும் நாள் காலையில் ரிஸ்பாம்மா ஓடெரோவைக் கூப்பிட்டு அனுப்பினார். அஹேரோ வீட்டு முற்றத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாராம்:

"போனை எடு. இப்ப பாடறேன்."

ஓடெரோ போனை நீட்டினார். இவர் ஆரம்பித்தார். அதே மெட்டு, பெயர் மட்டும் வேறு. டீக்கடைக்குத் தினமும் வரும் விடுதிப் பெண்கள் நாலு பேர் பாசத்தோடு துக்கத்துக்குப் போயிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். பெயர் சொல்ல மாட்டேன், ஒருத்தி என் பக்கத்து அறை. தெரிந்த பாட்டாக இருக்கவும் கூடவே மெல்ல ஹம் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருத்தி கண்ணை மூடி, தூங்க வைக்கிற மாதிரி ஆடிக்கொண்டே பாடினாளாம்.

ரிஸ்பாம்மா நிறுத்திவிட்டார். பாட்டில்லாமலே குழிக்குள் இறக்கினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவருக்கு அழுகை வரவில்லை.

ஓடெரோ அந்தப் பதிவை அனுப்பினார். பதினோரு விநாடி இவர் குரல், பிறகு ஐந்து குரல். கம்பெனியின் பதில் இரண்டே வரி. பலருக்கும் தெரிந்த பாட்டாக இருப்பதால் இது ஊருக்குப் பொதுவான நாட்டுப்பாடல் என்று முடிவு செய்திருக்கிறோம். நன்றி.

"அம்மா, பாட்டாலதான் குழந்தை போச்சுன்னு நினைக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மண்டாசியை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னார். "சீழ் வச்சுப் போச்சு. எனக்குத் தெரியாதா? பாட்டு கொன்னுச்சுன்னு நான் சொல்லலடி. அழறதுக்கு என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. அதுல நீங்கள்லாம் தூங்கறீங்க."

இரண்டு மண்டாசியை என் கையில் வைத்து, "சூடா இருக்கறப்பவே தின்னு, வகுப்புக்கு நேரமாச்சு" என்றார்.

நேராக ஓடெரோவிடம் ஓடினேன். எழுதி எதுவும் ஆகாது என்றார். ஒரே ஒரு வழி இருக்கிறதாம். வருடம் முழுக்க யாருமே கேட்காத பாட்டுகளைச் சந்தா புதுப்பிக்கும்போது கம்பெனிக்காரர்களே எடுத்துவிடுகிறார்கள். யாருமே என்றால் ஒருத்தர்கூட. உலகம் முழுக்க எத்தனை பல்கலைக்கழகத்தில் இந்தப் பாட்டு ஓடுகிறதோ தெரியாது. நடக்கும் என்று அவரே நம்பவில்லை. எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இன்று எப்படித் தூங்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

இதைப் படிப்பவர்கள் விடுதிக் குழுக்களில், வகுப்புக் குழுக்களில், வேறு ஊரில் படிக்கும் தோழிகளுக்கு அனுப்புங்கள். முக்கியமாக, கைக்குழந்தை இருக்கிற அக்காக்களுக்கு. எந்தப் பாட்டு என்று பார்ப்பதற்காகக்கூடப் பதினாலாவதைத் தொடாதீர்கள், ஒரு முறை தொட்டாலும் கணக்கில் ஏறிவிடும். பின்வாசல் பக்கம் போனால் ரிஸ்பாம்மா கடையில் டீ குடியுங்கள். காதில் எதுவும் மாட்டிக்கொள்ளாமல் போங்கள்.