காணாமல் போனவருக்கு ஒரு துஆ

அந்தச் செயலமர்வுக்கு என் திறமையைப் பார்த்துத்தான் என்னை அனுப்பினார்கள் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பிழை. அதிர்ச்சிக்கு ஆளான மாணவர்களுக்குக் கைகொடுப்பது எப்படி என்று சொல்லித் தர ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் ஓர் ஆசிரியரை வலயக் கல்வி அலுவலகம் கேட்டிருந்தது. சனியும் ஞாயிறும். லீவு நாளை யார் விட்டுக்கொடுப்பார்கள்? ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வீட்டில் வேலை வந்துவிட்டது. பாடசாலை அதிபர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"டீச்சர், உங்கட புள்ளைகள் வளந்திட்டாங்கதானே. நீங்க சும்மாதானே இரிக்கீங்க."

சும்மா! ஒரு பொம்பிளை வீட்டில் சும்மா இருப்பதைக் கண்டவர் இவர் ஒருவர்தான். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு சரி என்றேன். உண்மையில் எனக்கும் ஒரு தேவை இருந்தது. தரம் எட்டில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வாப்பா ஒலுவில் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போன படகோடு காணாமல் போயிருந்தார். தேடினார்கள். பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. இயந்திரம் பழுதாகி மாலைதீவுப் பக்கம் இழுபட்டுப் போய், மாதங்கள் கழித்து உயிரோடு வந்து இறங்கியவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். அதனால் அவரை மவுத்தாகிவிட்டார் என்று சொல்லவும் முடியாது, இருக்கிறார் என்று சொல்லவும் முடியாது.

தெருப் பெண்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. மனைவியை விதவைக்குரிய இத்தா இருக்கச் சொல்லி நெருக்கினார்கள். அவள் மசியவில்லை.

"மையித்தக் காட்டுங்க, இத்தா இரிக்கன். மையித்து இல்லாம நான் எதுக்கு வெள்ள உடுக்கிற?"

உடலைக் காணாமல் எப்படி இருப்பது? அவள் பேச்சில் நியாயம் இருந்தது. இத்தா என்று வெள்ளை உடுத்தி அறைக்குள் உட்கார்ந்தால் நாலு மாதம் பத்து நாளைக்கு வாசற்படி இறங்க முடியாது. அவளோ விடியற்காலை சுபஹு தொழுத கையோடு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி ஒலுவிலுக்குப் போவாள். கரைக்கு வருகிற ஒவ்வொரு படகுக்காரரிடமும் கேட்பாள். பள்ளிவாசல் மௌலவிகூட, "அவசரப்பட வேணாம், தங்கச்சி" என்று அவள் பக்கம்தான் நின்றார். உம்மா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவரை மகளும் பள்ளிக்கூடம் வந்தாள். கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிய பர்தா, ஒழுங்கான வீட்டுவேலை, சிரித்த முகம். அந்தச் சிரிப்புத்தான் எங்கள் ஆசிரியைகளுக்குப் பொறுக்கவில்லை. "கல்லு நெஞ்சு புள்ள" என்று என் காது படவே சொன்னார்கள். ஒரு பிள்ளை எவ்வளவு அழவேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்களாக்கும்.

செயலமர்வு கல்முனையில், ஏசி போட்ட ஒரு மண்டபத்தில் நடந்தது. பெனர், பலூன், நெஞ்சில் குத்திக்கொள்ளப் பெயரட்டை எல்லாம் இருந்தன. பயிற்சி தருகிற வளவாளர் கொழும்பிலிருந்து வந்த இளம்பிள்ளை, நல்ல பிள்ளைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் யாரோ எங்கேயோ எழுதிக் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்திருந்தாள். மனதை அமைதிப்படுத்தும் பயிற்சி என்று எங்களைக் கண்ணை மூடச் சொன்னாள்.

"நீங்கள் கடற்கரையில் நிற்கிறீர்கள். அலை மெதுவாக உங்களை நோக்கி வருகிறது. உங்கள் காலைத் தொடுகிறது."

கல்முனையில்! மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிற மனிசருக்கு! எனக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் சுனாமியில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி வெளியே போனார். தேநீர் நேரம்வரை வரவில்லை. "மிஸ்ஸுக்குச் சுகமில்லையா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. விருந்தாளியின் முகத்தை முறிக்கக் கூடாது என்ற எங்கள் மரியாதை அப்படி. ஸ்பீக்கரில் அலைச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த இரண்டு நாளிலும் எனக்கு உபயோகப்பட்டது ஒரே ஒரு பேச்சு. பகல் சாப்பாட்டு நேரம் புரியாணிப் பார்சலைப் பிரித்துக்கொண்டே என் வகுப்புப் பிள்ளையைப் பற்றி அந்த வளவாளரிடம் சொன்னேன். "ஒன்றும் கேட்காதீங்க டீச்சர். பக்கத்தில இருங்க. அவள் கதைக்கிற நேரம் கதைப்பாள்" என்றாள். மல்டிமீடியாத் திரையில் இது வரவில்லை.

அதைத்தான் செய்தேன். இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போகாமல் வகுப்பிலேயே இருந்து கொப்பி திருத்தினேன். சில நாள் அவள் வெளியே ஓடிவிடுவாள். பிறகு பக்கத்து மேசைக்கு வந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் தானாகவே வாயைத் திறந்தாள்.

"டீச்சர், நான் வட்டிலப்பம் செஞ்சா கொங்கிறீட்டு மாதிரி இரிக்கெண்டு வாப்பா பகிடி பண்ணுவார். ஆனா சட்டிய வழிச்சித் தின்னுற அவர்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவளுடைய வாப்பா தினமும் எங்கள் இடைவேளைக்கு வந்து போனார். சொல்லச் சொல்ல அவளுடைய சிரிப்பு குறைந்தது. ஒருநாள் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டீச்சர், எல்லாரும் ரெண்டுல ஒண்டச் சொல்றாங்க. நீங்க வாப்பா வருவார் எண்டும் சொல்ல வேணாம், வரமாட்டார் எண்டும் சொல்ல வேணாம். ஏலுமா?"

"ஏலும் மகள். ரெண்டையும் சொல்ல மாட்டன்."

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். நான் திருத்தின கொப்பியையே திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதை அதிபரிடமும் போய்ச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் வாப்பாவைப் பற்றிப் பாடசாலையில் யாரும் எதுவும் முடிவாகக் கதைக்க வேண்டாம், மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்றேன். போனைப் பார்த்துக்கொண்டே "ஓம், ஓம்" என்றார். அந்த ஓமுக்கு என்ன பெறுமதி என்று பிறகுதான் தெரிந்தது.

செயலமர்வில் படித்ததைப் பாடசாலைகள் செய்கின்றனவா என்று பார்க்க மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அதிபருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"டீச்சர், நாம ஒரு நிகழ்ச்சி காட்டோணும்."

"இது காட்டுற விசயமில்ல சேர். புள்ளையோட பக்கத்தில இரிக்கிற. அவ்வளவுதான்."

"பக்கத்தில இரிக்கிறத எப்படிப் போட்டோ எடுக்கிற? அப்ப ரெண்டு நாள் போய் என்னத்தப் படிச்சீங்க?"

என்னைக் கேட்காமலே ஒழுங்கு செய்தார். காலைக் கூட்டத்தில் மேற்பார்வைக்கு வந்தவர்கள் மேடையில் கதிரை போட்டு இருந்தார்கள். அதிபர் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு கையை ஏந்தித் துஆ கேட்கத் தொடங்கினார். மனிசன் கெட்டவர் இல்லை. கஷ்டப்பட்டவருக்குத் துஆவைவிடப் பெரிய ஆறுதல் எங்கள் ஊரில் கிடையாது. யாருக்கு எது நடந்தாலும் முதலில் கையைத்தான் ஏந்துவோம், நானும் அப்படித்தான். பரீட்சைக்குக் கேட்டார், ஆமீன். நோயாளிகளுக்குக் கேட்டார், ஆமீன். முற்றம் நிறைந்த பிள்ளைகள் ஒரே குரலில் ஆமீன், ஆமீன் என்று போய்க்கொண்டிருந்தார்கள். அதே இழுப்பில் அந்தப் பிள்ளையின் வாப்பாவின் பெயரைச் சொன்னார். இறந்தவர்களுக்கு வைக்கிற மர்ஹூமை முன்னால் வைத்துச் சொன்னார்.

"யா அல்லாஹ், அவருடைய பாவங்களை மன்னிப்பாயாக. அவருடைய கப்றை விசாலமாக்கி வைப்பாயாக."

கப்று! எந்தக் கப்று? அந்தக் குழியை யார் வெட்டியது? கத்தவேண்டும் போல இருந்தது. துஆவுக்கு நடுவில் யார் கத்துவது? முற்றம் முழுவதும் ஆமீன் என்றது. பிள்ளை கையை ஏந்தியபடி அப்படியே நின்றாள். மேடையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார், இன்னொருவர் போட்டோ எடுத்தார். போகும்போது, "சமூகத்தின் பண்பாட்டோடு இணைந்த நல்ல முயற்சி" என்று அதிபரின் கையைக் குலுக்கினார்கள். அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அவளிடம் ஓடினேன். "ஒண்டுமில்ல டீச்சர்" என்று விலகி வகுப்புக்குப் போனாள். அன்று இடைவேளையில் என் பக்கத்து மேசைக்கு வரவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிள்ளைகளிடம் விசாரித்தேன். அவளுடைய உம்மா இத்தா இருக்கிறா என்றார்கள்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் அவள்தான். கையெல்லாம் மா. அடுப்படியில் இடியப்பத் தட்டுகள் பரப்பியிருந்தன. கடைகளுக்கு அவித்துக் கொடுக்கிற வேலை இப்போது அவள் தலையில். உள்ளறைத் திரைக்குப் பின்னால் உம்மா வெள்ளைச் சேலையோடு இருந்தாள்.

"ஒலுவில் ஹாபருக்கு இனி யாரு டீச்சர் போற?" என்று திரைக்குப் பின்னாலிருந்தே கேட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

"அது அதிபர்ர பிழ. ஒரு பள்ளிக்கூடம் சொல்லி ஒரு மனிசன் மவுத்தாகிறயா? தெருப் பொம்பளைகள்ற கதைக்கு நீங்க ஏன் இத்தா இருந்தீங்க?"

"தெருவுல சொல்லியா நான் இருந்த? இவ்வளவு நாளும் சொன்னாங்க, இருந்தனா? புள்ள வந்து அழுதாள் டீச்சர். உம்மா, இருங்க எண்டாள். அவளே சொன்னா நான் என்ன செய்யிற?"

நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஏன் மகள் என்று கேட்டேன்.

"எல்லாரும் சொல்லக்குள்ள வாய் தன்னால சொல்லிட்டு டீச்சர்" என்றாள். "வாப்பாட கப்றுக்குக் கேட்ட துஆவுக்கு நானும் ஆமீன் சொல்லிட்டன். மகள் சொன்ன ஆமீன், அல்லாஹ் ஏத்திருப்பான்தானே?"